கொள்ளிடத்தை இன்னும் கொஞ்சம் இறக்குங்க தம்பி

சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடல் கடை. எரிமலை, சூரியக் குடும்பம், இதயம், காற்றாலை என்று ஸ்கூல் பிள்ளைகள் எது கேட்டாலும் தெர்மாகோலிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் செய்து கொடுப்பார்கள். கடைப் பெயரை எழுதப்போவதில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன். தொழில் செய்கிறவர் பிழைப்பில் மண் போட எனக்கு இஷ்டமில்லை. தேடிப் போகிறவர்களுக்கு ஒரு அடையாளம் மட்டும்: பாதி பெயிண்ட் அடித்த டைனோசர் ஒன்று வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருக்கும்.

என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள். ஸ்கூல் எக்ஸிபிஷனில் அவளுக்கு விழுந்த தலைப்பு 'வெள்ளம்'. மற்றப் பிள்ளைகள் வீடு, மரம், நீலப் பேப்பர் என்று முடித்துவிடுவார்கள். இவள் "அம்மாச்சி ஊரைச் செய்யலாம்மா, தண்ணி ஓடுற மாதிரி" என்றாள். அம்மாச்சி ஊர் உத்தமர்சீலி. திருவானைக்கோவிலிலிருந்து கல்லணைக்குப் போகிற ரோட்டில், வாழைத்தோப்புக்கு நடுவில் இருக்கிற ஊர். நான் பிறந்தது அங்கே, வாக்கப்பட்டு வந்தது கொண்டலாம்பட்டித் தறிக்காரர் வீட்டுக்கு.

ஸ்ரீரங்கம் என்றால் எல்லாருக்கும் கோயில்தான் ஞாபகம் வரும். அது ஒரு தீவு, அதில் எங்கள் ஊர் மாதிரி எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன என்று சொன்னால் சேலத்தில் பாதிப்பேர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அரங்கம் என்ற சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்றுதான் அர்த்தம். சிலப்பதிகாரத்திலேயே 'ஆற்றுவீ அரங்கம்' வருகிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி ரெண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. ரெண்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பக்கத்துப் பக்கத்தில் ஓடி, கல்லணையில் மறுபடி கைகோக்கப் போவது போல நெருங்கி, பிறகு அவரவர் வழியில் போய்விடும். இடையில் கிடக்கிற ஒல்லியான நிலம்தான் தீவு. அகலம் பல இடங்களில் ரெண்டு கிலோமீட்டர்கூடத் தேறாது.

சேலத்துக்கு வந்த பிறகு எனக்கு ஒரு உத்தியோகம் தானாகக் கிடைத்தது. ஆடி மாதம் வந்தால் ஊரிலிருந்து போன் வரும். "ஏண்டி, அங்க எவ்வளவு தொறந்திருக்கான்?" என்று அம்மா கேட்பார். மேட்டூர் அணை என் வீட்டுக் கொல்லையில் இருப்பதாகவும், காலையில் எழுந்து மதகை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் பல் விளக்குவதாகவும் அவருக்கு நினைப்பு. நானும் டிவியில் பார்த்து, "ஒன்றரை லட்சம் கன அடிம்மா" என்பேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் எந்த மாட்டை முதலில் அவிழ்ப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

சரி, கடைக்கு வருவோம். போனது ஆனி கடைசியில். கடையில் ரெண்டு பேர். ஒருவர் வயதானவர், எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். முன்பு கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டியவராம். இன்னொருவர் அவருடைய தங்கை மகன், இருபத்தைந்து வயது இருக்கும், பேச்சும் பில்லும் அவர் பொறுப்பு. 4 அடிக்கு 2 அடி பிளைவுட் பலகை, தண்ணீர் சுற்றி வர மீன் தொட்டி மோட்டார், ஸ்ரீரங்கம் கோபுரம், வாழைமரங்கள் எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் என்றார். நான் 2,200 கேட்டேன். 2,500-க்கு முடிந்தது. ஆயிரம் முன்பணம். தம்பி உற்சாகத்தில், "அக்கா, ஒரு மூலையில ஏற்காடு மலைய வச்சுத் தரட்டுங்களா? ஃப்ரீதான்" என்றார். திருச்சியில் எதற்குப்பா ஏற்காடு என்று மறுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்தத் தம்பி சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கத்தான் செய்கிறது. சேர்வராயன் மலையில் பெய்கிற மழை திருமணிமுத்தாறு வழியாக நம் சேலத்துக்குள்ளே ஓடி, மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் சேர்கிறது. பவானி, நொய்யல், அமராவதி எல்லாமும் அப்படித்தான். மேட்டூரில் மதகை மூடினாலும் இந்தத் தண்ணீரை அந்த அணை பிடிக்க முடியாது. எங்கள் அம்மா கேட்கிற ஒற்றைக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் எப்போதுமே பாதிதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பத்து நாள் கழித்து முதல் பார்வைக்குப் போனோம். வேலை சுத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். மாஸ்டர் கை அப்படி. வாழைமரத்துக்குப் பச்சைக் காகிதத்தைச் சுருட்டி, ஒவ்வொரு இலையிலும் கத்தரியால் கிழிசல் போட்டிருந்தார். காற்றடித்த தோப்பில் இலை கிழிந்து தொங்குமே, அச்சாக அதே மாதிரி. அம்மா மண்டபத்துப் படித்துறையில் படிகளை எண்ணி வைத்திருக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. முக்கொம்பில் கொள்ளிடத்தை அடைக்கிற ஷட்டருக்கு ஐஸ் குச்சிகளைச் சீவி, வரிசையாக நட்டு, ஒரு கம்பியில் கோத்து, ஒரே இழுப்பில் தூக்குகிற மாதிரி செய்திருந்தார்.

குறை எங்கே என்றால், பூகோளத்தில்.

முதலில் கோபுரம். ராஜகோபுரத்தை நாலு அங்குலத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். என் பொண்ணு அங்கேயே நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். 30 கிலோமீட்டர் தீவு 4 அடிக்குள் வந்தால், ஒரு கிலோமீட்டருக்கு 4 சென்டிமீட்டர். கோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். "அங்கிள், மூணு மில்லிமீட்டர்தான் வரணும்." பாதி அரிசி மணி! கடைத் தம்பி சிரித்துவிட்டார். கோபுரம் தெரியாத ஸ்ரீரங்கத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அவர் கேட்டது நியாயம்தான். 1987-ல் கட்டி முடிக்கிற வரை அது மொட்டைக் கோபுரமாகத்தானே நூற்றாண்டுக் கணக்கில் நின்றது, அதற்காகவாவது இப்போது உசரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரெண்டாவது, விட முடியாத குறை. ரெண்டு ஆற்றையும் ஒரே அகலம், ஒரே ஆழத்தில் வெட்டியிருந்தார்கள். "தண்ணி ஊத்திப் பாக்கலாமா தம்பி?" என்றேன். ஊற்றினார். ஷட்டரை மூடினால் காவிரியில் ஓடியது, திறந்தால் ரெண்டிலும் சரிபாதி ஓடியது. இன்னொரு குவளை ஊற்றச் சொன்னேன். தண்ணீர் ரெண்டு பக்கமும் ஒன்றாக ஏறி, கோபுரத்து அடியில் வந்து நின்றது. தம்பி, "பாத்தீங்களாக்கா, வெள்ளம் வந்துருச்சு!" என்று குஷியாகிவிட்டார்.

இந்த இடத்தில்தான் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொள்ளிடம் என்ற பேரையே பிரித்துப் பாருங்கள், கொள்ளும் இடம். காவிரிக்கு மிஞ்சினதை வாங்கிக்கொள்கிற ஆறு. காவிரியைவிட அகலம், படுகை தாழ்வு, போகிற பாதையும் நேர். இப்படி ஒரு ஆறு பக்கத்தில் இருந்தால் தண்ணீர் எங்கே போகும்? 1800-களின் ஆரம்பத்தில் அதுதான் தொல்லையாக இருந்தது. முக்கொம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் கொள்ளிடத்துக்கே ஓடிப்போக, காவிரிப் பக்கம் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்தன. ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் 1836-ல் கொள்ளிடத்தின் வாயில் அணை போட்டது அதற்காகத்தான். மேலணை என்று சொல்வது அதைத்தான். கீழ் முனையில் கல்லணை, கரிகாலன் கட்டியதாகச் சொல்வது. தீவின் தலையிலும் வாலிலும் இப்படி ஆளுக்கொரு காவல்.

ஆக, சாதாரண நாளில் கொள்ளிடத்தை மூடி, காவிரிக்குத் தண்ணீர் விட வேண்டும். வெள்ள நாளில் கொள்ளிடத்தைத் திறந்து, காவிரியையும் தீவையும் காப்பாற்ற வேண்டும். ஒரே அணை ரெண்டு வேலை செய்கிறது. மாடலில் இது தெரியவில்லை என்றால் அது வெறும் நீலத் தொட்டி. "கொள்ளிடத்தை இன்னும் கொஞ்சம் இறக்குங்க தம்பி" என்றேன். ஒரு சென்டிமீட்டர் இறக்கினால் கணக்குப்படி அதிகம் என்று என் பொண்ணு முனகினாள். கோபுரத்தை முப்பது மடங்கு உசத்தலாம், ஆற்றை இறக்கக் கூடாதா?

மாஸ்டர் இதுவரை வாயே திறக்கவில்லை. பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வந்து, கட்டைவிரலால் கொள்ளிடத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "அம்மா சொல்றது சரிடா. ஓடை தாழ்ந்தாத்தான் தண்ணி எறங்கும். சுரண்டிரு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாவது, எங்கள் ஊர்ப் பள்ளம். கரை முழுக்க ஒரே மட்டமாக இருந்தது. நிஜத்தில் உத்தமர்சீலியில் ஒரு தரைப்பாலம் உண்டு. காவிரியில் வெள்ளம் ஓர் அளவைத் தாண்டினால் அந்த இடத்தில் ரோட்டின் மேலேயே ஏறி, தோப்புகளின் வழியாகக் கொள்ளிடத்தில் இறங்கிவிடும். தீவை நடுவில் அறுத்த மாதிரி இருக்கும். கல்லணை ரோட்டில் போலீஸ் தடுப்பு போட்டுவிடுவார்கள். திருவானைக்கோவில் பக்கம் போக வேண்டியவர்கள் அந்தக் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2018-ல் அப்படி ஏறியது, 2022-ல் ஏறியது, 2024-லும் ஏறியது. எங்கள் சித்தப்பா தோப்பில் ஒரு தடவை குலை தள்ளின மரம் இடுப்பளவு தண்ணீரில் ஒன்பது நாள் நின்றது. வாழை ஒரு நாள் ரெண்டு நாள் தாங்கும், அப்புறம் வேர் அழுகிவிடும். தண்ணீர் வடிந்த பிறகும் மரம் பச்சையாகத்தான் நிற்கும். தொட்டால் சாயும்.

அந்தப் பள்ளத்தை நான் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். தம்பி ஆக்சா பிளேடால் கரையில் ஒரு வாய்க்கால் போல அறுத்தார். மறுபடி தண்ணீர். இந்தத் தடவை காவிரி ஏறி, அந்த இடத்தில் நுழைந்து, காகித வாழைகளுக்கு நடுவே ஓடி, மறுபக்கம் கொள்ளிடத்தில் சொட்டியது. கோபுரத்து அடி நனையவில்லை. நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. தீவின் மற்ற ஊர்களுக்காக எங்கள் ஊர் தண்ணீரை வாங்கிக்கொள்கிறது என்று அம்மா சலித்துக்கொள்வார். அதைப் பலகை மேல் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

டெலிவரி நாலு நாள் தாமதம். ஆடிப்பெருக்கு வருவதால் முளைப்பாரி ஆர்டர், சாமி ஆர்டர் என்று காரணம் சொன்னார்கள். சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை, எதுவும் நேரத்துக்கு நடக்காது என்று எனக்கும் தெரியும். அதைப் பெரிதாகச் சொல்லவில்லை.

பெரிதாகச் சொல்ல வேண்டியது பெயிண்ட். சுரண்டிய கொள்ளிடத்துக்கு அவசரத்தில் ஸ்பிரே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தெர்மாகோலை அது தின்றுவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே? மேலே பிளாஸ்டர் பூசாத இடமெல்லாம் பொத்தலாகி, கொள்ளிடத்தின் வடகரை கரையான் அரித்த கட்டை மாதிரி ஆகிவிட்டது. நான் முகத்தைச் சுளித்ததும் தம்பி, "அக்கா, கரை அரிப்புன்னு சொல்லிக்கலாங்க்கா" என்றார். ஆற்றில் தடுப்புச்சுவர் சரிந்ததையும், 2024-ல் உயர்மின் கோபுரம் ஒன்று கொள்ளிடத்துக்குள் சாய்ந்ததையும் டிவியில் பார்த்திருப்பார் போல. பேச்சுக்கு நன்றாக இருந்தது. நான் 200 ரூபாய் குறைத்தேன். குறைத்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எக்ஸிபிஷன் அன்று இன்னொன்று. மோட்டார் ட்யூப் நுழைகிற ஓட்டையில் எம்-சீல் சரியாக அடைக்கவில்லை. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்த கசிவு, பத்தரைக்கெல்லாம் மேஜை விரிப்பை நனைத்து, பக்கத்து மேஜையில் இருந்த எரிமலையின் அடிவாரத்துக்குப் போய்விட்டது. எரிமலைப் பையன் அழுதுவிட்டான். என் பொண்ணு ஓடி வந்து என் கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய் அடைத்தாள். வந்திருந்த ஒரு பெரியவர், "பாப்பா, முக்கொம்பு உடைஞ்சப்பவும் இப்படித்தான் மணல் மூட்டையப் போட்டு அடைச்சாங்க" என்றாராம்.

உண்மைதான். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு ரெண்டு லட்சம் கன அடிக்கு மேல் வந்து, கொஞ்சம் வடிய ஆரம்பித்த நேரம். 22-ஆம் தேதி ராத்திரி மேலணையில் கொள்ளிடம் பக்கத்து 45 ஷட்டரில் 9 அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குச் சில நாள் முன்னால்தான் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் உடைந்து விழுந்தது. நல்லவேளை, அதில் போக்குவரத்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். அப்புறம் பாறாங்கல்லும் மணல் மூட்டையும் போட்டு அடைத்து, பிற்பாடு பக்கத்திலேயே புதிதாகக் கதவணை கட்டினார்கள். என் பொண்ணு தன் மாடலில் 45 குச்சி இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்கும், அதில் ஒன்பதைத் தனியாகக் கழற்றுகிற மாதிரி வைத்துக்கொண்டதற்கும் காரணம் இதுதான். குச்சி விஷயத்தில் கடைக்காரர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. எண்ணி நட்டுக் கொடுத்தார்.

1924-ல் இதைவிடப் பெரிய வெள்ளம். ஆடியில் வந்தது. என் அம்மாச்சியின் அம்மா பரண் மேல் கோழியோடு உட்கார்ந்திருந்த கதையை எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். கோழிகளின் எண்ணிக்கை மட்டும் சொல்கிறவரைப் பொறுத்து மாறும். அப்போது மேட்டூர் அணை கிடையாது. மறுவருஷம் 1925-ல்தான் வேலை ஆரம்பித்து, 1934-ல் முடிந்தது. நீர்மட்டம் 120 அடி, நிறைந்தால் 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). அணை வந்து எத்தனையோ ஊர் தண்ணீருக்குள் போனதும் நம் ஜில்லாவில்தான். நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டுவதை நாம் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம், செல்பி எடுக்கிறோம். இங்கே நந்தி மூழ்கியதால் அங்கே எங்கள் பரண் தப்பித்தது என்று என் மாமியாரிடம் ஒருமுறை சொன்னேன். "அப்ப எங்களுக்கு நீங்கதான் கடன்பட்டிருக்கீங்க" என்றார். காபி போட்டுக் கொடுத்தேன்.

பரிசு? ரெண்டாவது. முதல் பரிசு சோலார் பம்புக்கு. நடுவராக வந்த ஆசிரியர், கோபுரம் அழகாக இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தார்.

காசுக்குத் தகுமா என்று கேட்டால், தகும். கை வேலைக்கு அஞ்சுக்கு நாலரை போடுவேன். தண்ணீர் சம்பந்தமான வேலைக்கு ரெண்டரை. எரிமலை, இதயம் வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஆறு, அணை, ஏரி என்று செய்யச் சொல்கிறவர்கள் மட்டும் தாங்களே ஒரு படம் வரைந்து எடுத்துப் போங்கள், எது மேடு எது பள்ளம் என்று குறித்துக் கொடுங்கள். தெர்மாகோல் மேல் பிளாஸ்டர் காய்ந்த பிறகுதான் பெயிண்ட் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடையிலேயே அரை மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டுப் பாருங்கள்; தம்பி அவசரப்படுத்துவார், அசையாதீர்கள். மாஸ்டர் இருக்கிற நேரம் மாலை நாலுக்கு மேல்.

இந்த மாசி மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். எங்கள் ஸ்கூலில் பார்த்துவிட்டு வேறொரு ஸ்கூல்காரர்கள் அதே தீவைக் கேட்டிருக்கிறார்கள். பலகையில் கொள்ளிடம் ஆழமாக இறங்கியிருந்தது. உத்தமர்சீலியில் பள்ளமும் இருந்தது, நான் கோடு போட்டதைவிடக் கொஞ்சம் கிழக்கே தள்ளி. பென்சில் கேட்டேன்.